அகராதியின் பின்பாதி

நீங்களெல்லாம் ஆங்கிலத்தை ஏ எழுத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள். நான் எம் எழுத்திலிருந்து தொடங்கினேன்.

வாசிப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே வீடெங்கும் அதைத் தேடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் நம் பிள்ளைகள் கைபேசியைத் தடவுகிறார்கள். அர்த்தம் வந்து கைகட்டி நிற்கிறது. எனக்கு அப்படி வரவில்லை. சில சொற்களுக்காக நான் அப்பாவின் கண்ணில் மண்ணைத் தூவ வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு முடிந்த அந்த ஒரு கோடை விடுமுறையை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீடு. ராஜபாளையத்தில் கழிவுப் பஞ்சு குடோன். நூல் ஆலைகளில் மிஞ்சுகிற பஞ்சை வாங்கி, இயந்திரம் துடைக்கிறவர்களுக்கு விற்கும் தொழில். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்தினார்கள். அந்த ஆண்டு வெயில் ஏறத் தொடங்கியபோது பிரிந்தார்கள். காரணம் என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. வீட்டின் நடுமுற்றத்தில் பூசாத செங்கல் சுவர் ஒன்று எழும்பியது. மூத்தவருக்கு முன்கட்டு, இளையவருக்குப் பின்கட்டு. கிணறு காலையில் அவர்களுக்கு, மாலையில் எங்களுக்கு. ஆட்டுக்கல் அங்கே போனது, அம்மி இங்கே வந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியது தாத்தாவின் அகராதி. அவர் மில் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் அர்த்தம் சொல்லும் புத்தகம். செங்கல் கனம், சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை. அது இரண்டு பேருக்கும் வேண்டும். ஏனென்றால் இரண்டு வீட்டிலும் எட்டாவது முடித்த ஒரு பெண் இருந்தாள். இங்கே நான். அங்கே பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதம் மூத்தவள், அதனால் எனக்கு அக்கா.

பாகம் பிரித்து வைக்க மம்சாபுரத்திலிருந்து மாமா வந்திருந்தார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கையான எங்கள் அத்தையைக் கட்டியவர். யார் பக்கமும் சாய முடியாமல் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தர் வச்சுக்கிடுங்க, இன்னொருத்தர் புதுசா வாங்கிக்கிடுங்க" என்றார் மாமா.

"அப்பா தொட்ட பொஸ்தகம். நான் எதுக்கு விட்டுக்குடுக்கணும்?" என்றார் பெரியப்பா.

"ஏன், எனக்கு அவிய அப்பா இல்லையா?" என்றார் அப்பா.

மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ அதையும் வெட்டிருவமா?"

கேலியாகத்தான் கேட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி, வெட்டிருவோம்" என்றார்கள் இருவரும். பல மாதங்களுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்ன வார்த்தை அதுதான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பைண்டிங் கடைக்கு நானும் போனேன். மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாடை. கடைக்காரர் அகராதியைப் புரட்டிப் பார்த்து, "பக்கம் பாத்து வெட்டவா அண்ணாச்சி, எழுத்து பாத்து வெட்டவா?" என்று கேட்டார். எழுத்து பார்த்து என்றார்கள். எல் முடிகிற இடம் ஏறக்குறைய நடுவாக இருந்தது. கத்தி முதுகில் இறங்கியபோது முறுக்கு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம், பழைய கோந்து உதிர்கிற சத்தம். மூத்தவருக்கு முன்பாதி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் அப்படித்தானே செய்தார்கள். ஏ முதல் எல் வரை பெரியப்பா கைக்குப் போனது. எம் முதல் இசட் வரை அப்பா கைக்கு வந்தது. இரண்டு பாதிக்கும் புது அட்டை ஒட்டித் தந்தார்கள். ஈரம் காயும் வரை மேலே கல் வைக்கச் சொன்னார்கள்.

அந்தப் பாதி இப்போது என்னிடம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாறிய வீடுகளில் ஏதோ ஒன்றில் கரையானுக்குப் போய்விட்டது.

ராஜபாளையத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கேட்டிருந்தார்கள். அப்பா தனியாக, பெரியப்பா தனியாக. அங்கே தலைமை ஆசிரியை ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். பள்ளி திறக்கும் முன் வாய்மொழித் தேர்வு. ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். அடிக்கோடிட்ட சொற்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

அப்பா சாப்பிட்டு எழுந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "இங்கிலீசுல படிக்கதா இருந்தா படி. தமிழ்ல படிக்கதுக்கு ஒம்பதாங்கிளாஸ் எதுக்கு? சீட்டு கெடைக்கலேன்னா டைலரிங்ல சேத்துவிடுதேன். ஒரு கைத்தொழிலாவது இருக்கும்."

முன்கட்டில் பெரியப்பாவும் இதையே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. சுவர் கட்டினாலும் இருவருக்கும் புத்தி ஒரே அச்சு.

தையலை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மனம் ஓர் இடத்தில் உட்காராத மனம். தையல் பள்ளியின் வரிசை மிஷின்களுக்கு முன்னால் குனிந்திருக்கும் முதுகுகளைச் சன்னல் வழியே பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். போகமாட்டேன் என்று முடிவு செய்தேன். அழுது காரியமில்லை. கையில் இருந்தது பாதி அகராதி. அதை விழுங்குவது என்று தீர்மானித்தேன்.

அம்மா, அப்பா, நாய், பூனை, மழை, கோபம் என்கிற சின்னச் சொற்களைப் பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். அவை இரண்டு வீட்டுக்கும் பொது. அதற்கு மேலே போனால்தான் சுவர் வந்தது. பெரிய சொற்களில் எனக்கு ராத் கிடைத்தது, வேலியன்ட் கிடைத்தது, வியரி கிடைத்தது. மூர்க்கமான கோபம், வீரம், களைப்பு. முன்பாதியில் என்னென்ன உணர்ச்சிகள் இருந்தனவோ, எனக்குத் தெரியாது. அந்தக் கோடையில் என் மனநிலைகள் எல்லாம் எம்-முக்குப் பிறகே இருந்தன.

மனப்பாடம் செய்து பார்த்தேன். மறுநாள் பாதி ஆவியாகிவிட்டது. பிறகு எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன். ஒரு சொல் என்னுடையது ஆக வேண்டுமென்றால் அதை அன்றைக்கே எங்கள் வீட்டில் ஏதாவது ஒன்றின் மேல், அல்லது யாராவது ஒருவர் மேல் பூச வேண்டும். ஒட்டினால் எடுத்துக்கொள்ளலாம். ஒட்டாவிட்டால் விட்டுவிடலாம்.

அடுப்படியில் பழைய கடலெண்ணெய் டின்னைத் திறந்தால் வரும் சிக்கு வாடை, ரேன்சிட். சுண்ணாம்புத் தீற்றல் படிந்த சன்னல் கண்ணாடி, ஒபேக். மேற்கு மலை மேல் மேகம் குவிந்தும் மழை இறங்காத மத்தியானம், முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொள்கிற அந்தப் புழுக்கம், சல்ட்ரி. நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற அம்மா, ரெட்டிசன்ட். அம்மாவிடம் அதைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். புளியைக் கரைத்துக்கொண்டே, "பேச வேண்டியவுகளே பேசல. நான் பேசி என்ன ஆகப்போவுது" என்றாள். அந்த ஆண்டில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தடை வேறு இடத்தில் இருந்தது. என் பாதியை எவ்வளவு விழுங்கினாலும், ஒரு முழுப் பத்தியை எடுத்தால் அதில் முன்பாதிச் சொற்கள் கல்லாகக் கிடந்தன.

மே மாதம் நாங்கள் ஞாயிறுதோறும் போகும் கிறிஸ்தவ ஆலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்கியது. சிறுவர் சிறுமியர் எல்லாரும் காலையில் போய்ப் பாட்டுப் பாடி, கதை கேட்டு, கலர்ப் பேப்பர் ஒட்டி, சர்பத் குடித்துவிட்டு வர வேண்டும். அங்கே போகாதே என்று எந்தத் தகப்பனும் சொல்ல முடியாது. போதகர் ஐயா வீட்டுக்கே வந்து கேட்பார். அதனால் சுவருக்கு இரு பக்கத்திலிருந்தும் நாங்கள் ஒரே பாய்க்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் நாள் அக்கா என்னைப் பார்க்காமலே பேசினாள். "ஏட்டி, எம்புட்டு படிச்ச?"

"ஆர் வரைக்கும். நீ?"

"எஃப்ல நிக்கேன். எங்கப்பா தினமும் ஒப்பிக்கச் சொல்லுதாரு."

"எங்கப்பா கேக்கவே மாட்டாரு. பொஸ்தகம் வீட்டுல இருந்தாப் போதும்."

பாட்டு ஏறுகிற நேரத்தில் வியாபாரம் நடத்தினோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல். அர்த்தம் மட்டும் சொன்னால் செல்லாது. நம் தெருவிலிருந்து ஒரு வாக்கியமும் சேர்த்துத் தர வேண்டும். அவள் எனக்கு ஃபிக்கிள் கொடுத்தாள், நொடிக்கு நொடி மனம் மாறுகிறவர்களுக்குச் சொல்வது. அதற்கு அவள் காட்டிய உதாரணம் அவள் வீட்டு டைனமோ மிதிவண்டி விளக்கு. நான் அவளுக்கு வொசிஃபெரஸ் கொடுத்தேன், கூப்பாடு போடுகிறவர்கள். உதாரணமாக சர்பத் வரிசையைக் காட்டினேன்.

ஒரு நாள் அவள், "எங்கப்பா அடமன்ட்" என்றாள். விடாப்பிடி.

"எங்கப்பா ஆப்ஸ்டினேட். அதுவும் அதேதான்."

"அதேன்னா எதுக்குட்டி ரெண்டு வார்த்த வச்சிருக்கான்?"

பாய் ஓரத்து நாரைப் பிய்த்தபடி யோசித்தோம். ஒருவேளை அடமன்ட் என்பவர் ஒருமுறை முடியாது என்று சொல்லிவிட்டு அசையாமல் நிற்கிறவர். ஆப்ஸ்டினேட் என்பவர் தான் செய்வது தப்பு என்று தெரிந்தும் நிறுத்தாமல் செய்துகொண்டே போகிறவர்.

"அப்போ எங்கப்பாவும் ஆப்ஸ்டினேட்தான்" என்றாள் அக்கா.

நாங்கள் சிரித்த சிரிப்பில் பாட்டு டீச்சர் எங்களை எழுப்பி நிற்க வைத்தார். ஒரு சொல் தெரிவதும் அதை எங்கே, யார் மேல் வைப்பது என்று தெரிவதும் வெவ்வேறு என்பதை நான் கற்ற இடம் அந்தப் பாய். பின்னாளில் கல்லூரியில் இதற்குப் பெரிய பெயர்கள் சொன்னார்கள்.

மாட்டிக்கொண்டது அப்பளத்தால். ஒரு மத்தியானம் அம்மா பொரித்து வைத்த அப்பளம் விரலில் பட்டதும் உடைந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "பிரிட்டில்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "என்னது?"

"தொட்டா ஒடையுறது. அதுக்கு இங்கிலீசு, பிரிட்டில்."

அவருக்கு ஆங்கிலச் சொற்கள் அதிகம் தெரியாது. ஆனால் பஞ்சுப் பேல் கட்டுகளில் குறி போடுகிற எழுத்துகள் அத்தனையும் வரிசையாகத் தெரியும். "அது எந்த எழுத்துல ஆரம்பிக்குது?"

"பி."

"பி அவன் பாகம்லா?"

அம்மா கரண்டியை வைத்தாள். அப்பா கைகழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். "நாளையிலிருந்து கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போவாண்டாம். போதகரய்யாகிட்ட காய்ச்சல்னு சொல்லிக்கிடுதேன். அவன் பாகத்து வார்த்த என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. உனக்குள்ளத வச்சுப் படி."

இதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. தனக்குக் கிடைத்தது போதும் என்று நிரூபிக்க வேண்டியிருந்த மனிதர். அதை என் நாக்கில் நிரூபிக்கப் பார்த்தார்.

தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. முன்பாதி முழுதாக அடைபட்டுவிட்டது. உட்கார்ந்து அழலாம் என்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சரி, இல்லாததை இல்லாமலே சமாளிப்பது என்று எழுந்தேன்.

அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டு ராஜபாளையம் போகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். குடோனில் எங்கள் பங்குக்கு வந்த பாதியில் பஞ்சுத் தூசி வெயில் கீற்றில் மிதக்கும், மூக்கு அரிக்கும். மில் சங்கு ஊதினால் தகரக் கூரை அதிரும். மூலையில் பஞ்சைச் சுற்றிக் கட்ட, எடைக்கு வாங்கிய பழைய ஆங்கிலச் செய்தித்தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அப்பா சாப்பிட்டு முடித்து, சப்பட்டை மாம்பழத்தைச் சீவித் தின்று, செத்த நேரம் கண்ணயர்ந்து எழும் வரை அந்த அடுக்குதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

வரியை வாசிப்பேன். முன்பாதிச் சொல் வந்தால் அதை விரலால் மறைத்துவிட்டு, சுற்றியிருப்பவர்களை விசாரிப்பேன். இவன் யார், உங்களோடு என்ன வேலை? ஏரிட் என்றொரு சொல். அந்த வாக்கியத்தில் மழை இல்லை, ஆடு இருந்தது, வெடித்த தரை இருந்தது. ஓகோ, இது ஆலங்குளம் பக்கம் என்று புரிந்துகொண்டேன். சித்தியைக் கட்டிக் கொடுத்த ஊர், சிமெண்ட் தூசியும் மானாவாரிக் காடுமாகக் கிடக்கும். வறண்ட நிலம் என்று ஏரிட் எனக்கு வசப்பட்டது. எல்லாம் வசப்படவில்லை. ஃப்ரூகல் என்கிற சொல்லின் அருகே ஒருவர் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நோயாளி என்று முடிவு கட்டினேன். அவர் சிக்கனக்காரர் என்று தெரிய ஆண்டுகள் ஆயின. ஆனாலும் பயம் போய்விட்டது. தெரியாத சொல் தெரியாத மனிதர் மாதிரிதான். கூட வருகிறவர்களைப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம். இந்த வித்தையை அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். வழி இல்லை.

தேர்வு நாளன்று இரண்டு தகப்பன்மார்களும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். பெரியப்பா முன் படியில், அப்பா பின் படியில். இரட்டைச் சடை போட்டு, மஞ்சள் ரிப்பன் கட்டி, அக்கா முன்னால் சன்னலோரம் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கழுத்து விறைத்திருந்ததைப் பார்த்தே அவள் பயத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தது.

தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் ஒன்றாக உள்ளே அழைத்தார். கதவுக்கு வெளியே பெஞ்சின் இரு முனைகளில் அண்ணனும் தம்பியும். கதவு திறந்தே இருந்தது. மூத்தவள் முதலில் என்றார். அக்கா வாசித்தாள். கடலில் சிக்கிய ஒரு கப்பலைப் பற்றிய பத்தி. டெம்பெஸ்ட், பெரிலஸ், வெசல், சாலிடரி, வேனிஷ். அடிக்கோடு போட்ட சொல் ஒவ்வொன்றும் பின்பாதிச் சொல். அவள் ஒன்றைத் தாண்டினாள், அடுத்ததில் நின்றாள், பிறகு உதடு மட்டும் அசைந்தது. தலைமை ஆசிரியை புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். நான் மளமளவென்று சொன்னேன். புயல், ஆபத்தான, கலம், தன்னந்தனி, மறைந்துபோவது. ஒவ்வொன்றுக்கும் எங்கள் தெருவிலிருந்து வாக்கியம் கொடுத்தேன்.

"உனக்கு இடம் உண்டு" என்றார் அவர் ஆங்கிலத்தில். பிறகு அக்காவிடம், "நீ இன்னும் படித்துவிட்டு அடுத்த ஆண்டு வாம்மா" என்றார்.

அடுத்த ஆண்டு என்று ஒன்று அவளுக்கு இல்லை. பெஞ்சில் பெரியப்பா தொண்டையைச் செருமுவது கேட்டது. அக்கா கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். என்னை அவள் பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"மேடம், அவகிட்ட இல்லாத வார்த்தையாக் கேட்டுட்டீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆங்கிலத்தில் சொல்."

எனக்கிருந்தது பாதி மொழி. அதில் கை விட்டு எடுத்துக் கோத்தேன். "மேடம், டூ பேரன்ட்ஸ் க்வாரல்ட். தே செவர்ட் த வால்யூம். ஷீ பொசெஸஸ் ஒன் போர்ஷன். ஐ பொசெஸ் த ரெஸ்ட். ப்ளீஸ் க்வெஸ்சன் ஹெர் ஒன்ஸ் மோர்." இரண்டு தகப்பன்மார் சண்டையிட்டார்கள்; புத்தகத்தைத் துண்டித்தார்கள்; ஒரு பங்கு அவளிடம், மிச்சம் என்னிடம்; தயவுசெய்து அவளை இன்னொரு முறை கேளுங்கள்.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அப்பாவுக்குப் புரியாது என்று நம்பியிருந்தேன். பேரன்ட்ஸ் புரிந்திருக்கும். போர்ஷன் நன்றாகவே புரிந்திருக்கும். வீட்டைப் பிரித்தபோது அவர் வாயில் தினமும் புழங்கிய வார்த்தை.

"அவளிடம் எது வரை இருக்கிறது?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"எல் வரைக்கும், மேடம்."

அவர் அக்காவைத் திரும்ப அழைத்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாயாலேயே கேட்டார். ஃப்ராஜைல், கேன்டிட், டிலிஜென்ட், இன்டெலிபிள். அக்கா முதலில் முணுமுணுத்தாள், பிறகு குரல் ஏறியது. எளிதில் உடைவது, ஒளிவுமறைவில்லாதது, ஊக்கமானது, அழியாதது. கடைசியாக இம்பெர்டினன்ட் என்றார்; அதிகப்பிரசங்கி. வாக்கியம் சொல்ல வேண்டும். அக்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். கோயில் பாய்க்குப் பிறகு அவள் முகத்தில் பழைய குறும்பை அப்போதுதான் கண்டேன்.

"என் தங்கை இம்பெர்டினன்ட்" என்றாள் ஆங்கிலத்தில். "சற்று முன்புகூட."

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் வெளியே இருந்த இருவரையும் உள்ளே கூப்பிட்டுத் தமிழில் சொன்னார். "ரெண்டு பேருக்கும் சீட்டு தாரேன். பள்ளி திறக்குறப்போ ஆளுக்கொரு முழு டிக்ஷனரி கையில இருக்கணும். பாதியோட யாரும் உள்ள வரக்கூடாது." அண்ணனும் தம்பியும் வெவ்வேறு சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

திரும்பும் பேருந்தில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊருக்குள் நுழையும்போது, "எதுக்குட்டி நம்ம வீட்டுச் சங்கதிய அங்க போய் அவுத்து வச்ச?" என்றார்.

"சொல்லலேன்னா அவ தைக்கப் போயிருப்பாப்பா."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "பெரியவரு மக கெட்டிக்காரிதான்" என்றார் கொஞ்சம் கழித்து. எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

அப்பா புது அகராதி வாங்கினார். பெரியப்பாவும் வாங்கினார், அதே கடையில், மறுநாள். ஒன்று போதுமான வீட்டுக்குள் முழு அகராதி இரண்டு வந்தன. சுவர் வெகுகாலம் நின்றது. அண்ணன் தம்பி பேசிக்கொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அது வேறு கதை.

பள்ளி திறந்தது. அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே பிரிக்க யாரும் இல்லை. பாடத்தில் முதல் வாரமே ஜூபிலன்ட் என்றொரு சொல் வந்தது, ஜே எழுத்து, அவள் பாதி. என் புது அகராதி என் மடியில்தான் இருந்தது, ஏ முதல் இசட் வரை, பிரிக்காத பக்கங்களின் மை வாடையோடு. நான் அதைத் திறக்கவில்லை. அக்காவின் முழங்கையை இடித்தேன்.

"ஜூபிலன்ட்னா என்ன?"

"ஏட்டி, உன்கிட்டதான் இப்ப முழுசும் இருக்குல்லா?"

"இருக்கு. நீ சொல்லு."